மொத்த எடை, வெற்று எடை

மார்ச் பதினொன்று. டான்யூப் கரையில்
வெயில் வந்துவிட்டது, சூடு இன்னும் வரவில்லை.
எடைமேடை அறையின் ஜன்னல் சட்டத்துக்குள்
பனிக்காலம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்று கிடந்தவை
இன்று எழுந்துவிட்டன.
முதல் பொறிவண்டு நேரே ரசீதுப் புத்தகத்துக்கு வந்து
‘மொத்த எடை’ என்ற கட்டத்துக்குள் நின்றுகொண்டது.

ஏழு புள்ளி.
என் இயந்திரம் அறுபது டன் தாங்கும்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

எங்கள் கரையில் இதன் பெயர் கலின்கா.
பெண்பிள்ளைகள் கையில் ஏற்றி விரல் நுனிவரை நடக்கவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.
எந்தப் பக்கம் பறக்கிறதோ
மாப்பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து வருவான்.

பதினாலு வயதில் நானும் ஏற்றினேன்.
வடக்கே பறந்தது.
வடக்கே ஆறு; ஆற்றோரம் துப்பாக்கியோடு காவல்;
அக்கரையில் ருமேனியா, அங்கேயும் துப்பாக்கி.
ஸ்தோயான்கா விழுந்து விழுந்து சிரித்தாள்:
“தெமெனுகா, உனக்குக் கெளுத்தி மீன்தான் புருஷன்!”

தெற்கேயிருந்து வந்தவனைக் கட்டினேன்.
டிராக்டர் நிலையத்தில் மெக்கானிக்.
அவன் மேற்கே போனான், ஸ்பெயினுக்கு, ஸ்ட்ராபெரி பறிக்க.
பழம் முடிந்தது, பருவம் முடிந்தது,
ஆள் மட்டும் இன்னும் பறித்துக்கொண்டிருக்கிறான்.
இதையெல்லாம் வண்டு சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

கிடங்கின் பயிர் அதிகாரி கலோயான் சொல்கிறார்:
இந்தச் சட்டத்தில் பாதிக்கு மேல் வந்தேறி வண்டுகள்,
கிழக்காசியாவிலிருந்து அசுவினி தின்னக் கொண்டுவந்தவை,
புள்ளி பத்தொன்பதுகூட இருக்கும்,
எங்கும் நுழையும், எதையும் தின்னும்.
இருக்கட்டும்.
அவற்றுக்கு எங்கள் ஊர் ஜோசியம் யார் சொல்லிக் கொடுத்தது?
ஏதோ ஒரு பக்கம் பறக்கத்தானே செய்கின்றன.

சூரியகாந்தி விதையோடு ஒரு லாரி மேடை ஏறியது.
ஓட்டுநர் வியோரெல், அக்கரைக்காரன்.
மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய் மார்ச் நூல்,
என்னுடையதைப் போலவே.
முதல் நாரையைப் பார்க்கும்வரை நாங்கள் அவிழ்ப்பதில்லை.
புத்தகத்தில் நின்றதைப் பார்த்து “புபுரூஸா!” என்றான்.
விதை இறங்க நாற்பது நிமிஷம்.
பேசினோம், பாதி அவன் மொழி, பாதி என் மொழி, மீதி கை.

அங்கேயும் அதே கேள்வியாம், அதே விரல் நுனியாம்.
அவன் அக்காவுக்கு நேர் மேலே பறந்ததாம்.
கன்னிமடத்துக்குத்தான் போவாள் என்று ஊரே முடிவு கட்டியது.
இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்,
பதினோரு மாடி உயரத்தில்.
“உனக்கு?”
“எனக்குப் பறக்கவே இல்லை.
உள்ளங்கையில் மஞ்சளாய் ஒரு சொட்டு விட்டது,
கசப்பு நாற்றம்.”
“அதற்கு என்ன பலன்?”
“கையைக் கழுவு என்று பலன்.”
இரண்டு பேருமே கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை,
அப்புறம் சிரித்தோம்.

எண்ணை எழுத வேண்டும்.
பேனா முனையால் மெல்ல நகர்த்தினேன்.
கோபம். கட்டத்துக்குள் ஒரு மஞ்சள் சொட்டு.
பிறகு என் விரலில் ஏறி, நூலைத் தாண்டிப் போய்,
திரும்பி, நகத்தின் மேல் நின்று
சிவப்பு ஓட்டை இரண்டாய்த் திறந்தது.
அடியில் கசங்கிய கறுப்புச் சிறகு,
அவசரத்தில் மடித்த சேலைபோல.

பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் விரல் காலி.
எந்தப் பக்கம் என்று அவனிடம் கேட்கவில்லை.
அவன் பார்த்திருப்பான்.

மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
வெற்று எடை பதினாலாயிரத்து இருநூறு.
கார்பன் வைத்த ரசீது, மூன்று பிரதி.
எண்கள் மூன்றிலும் இறங்கின, சொட்டு இறங்கவில்லை.
என்னிடம் நிற்பது மூன்றாவது, சுத்தமான பிரதி.
முதலாவதை அவன் நான்காய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பாலத்தின் மேல் ஏறினான்,
வடக்கே.